நீச்சல் குளத்தில் புற்றுமண்

என் மகள் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நடந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்றைக்கும் குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால், சாப்பிடுகிற தட்டை விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறேன். குழாயை அடைத்துவிட்டுத் திரும்பினால், என் மனைவி கோமதி இருந்த இடத்திலேயே இருந்து, "வாளியக் காப்பாத்திட்டியளா?" என்பாள்.

கேலி செய்யட்டும். அவள் அன்று அங்கே வரவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பயிற்சி மையம். கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்கள்; அதில் வேலை பார்க்க உள்ளூர்ப் பிள்ளைகளை முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். முதல் அணி என்பதால் வீட்டுக்கு ஒருவரைப் பயிற்சியின் கடைசி இரண்டு நாட்களுக்கு அழைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் பயம் தெளியும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் நினைத்திருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இருக்க வாய்ப்பில்லை.

பெரிய கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தோம். அந்தப் பக்கம் நீச்சல் குளம். பிளீச்சிங் பவுடர் வாடை கண்ணாடியைத் தாண்டி வந்தது. குளத்தின் மேல் ஹெலிகாப்டரின் வயிற்றைப் போல ஓர் இரும்புக் கூடு சங்கிலியில் தொங்கியது. உள்ளே இருக்கைகள், பெல்ட்டுகள், சன்னல்கள். பிள்ளைகளை உட்காரவைத்துப் பெல்ட்டைப் பூட்டி, கூட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, அப்படியே தலைகீழாகப் புரட்டுவார்கள். பெல்ட்டைக் கழற்றி, சன்னலைத் தள்ளித் திறந்து மேலே வர வேண்டும். கடலுக்கு மேலே பறந்து வேலைக்குப் போகிறவர்கள், விழுந்தாலும் பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்க மாட்டார்களா என்று நான் கேட்டேன்.

என் பக்கத்து நாற்காலியில் ரோஸ்லின். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். அவருடைய மகள் ஜெனிட்டாவும் என் மகள் மகேஸ்வரியும் அந்தக் கூட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணை மூடியதைப் பார்த்து, கேட்காமலேயே அவர் வர்ணனை சொல்ல ஆரம்பித்தார்.

"எறங்கியாச்சு. முழுகியாச்சு. இந்தா பொரளுது அண்ணாச்சி. பொரண்டாச்சு."

"வந்தாச்சா?"

"இப்பதான பொரண்டிருக்கு. செத்த நேரம் பொறுங்க." பிறகு, "எம்மவ வந்தாச்சு. அந்தா ஒங்க மவளும் வந்தாச்சு. கண்ணத் தொறங்க."

"நிசமாவா?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? தல தெரியுது." கண்ணாடியை ஒட்டி எட்டிப் பார்த்தார். "ஆனா தண்ணி ஏன் செவந்து கெடக்கு?"

கடலுக்கு நாங்கள் தூரம்

தண்ணீர் ஏன் சிவந்தது என்று சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைக் கிறுக்கன் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். கேட்ட பிறகும் கட்டலாம்.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை. முதுகலை வரலாறு படித்துவிட்டுத் துணி கிழிக்கிறவன். எங்கள் ஊரில் தறிச் சத்தம் உண்டு, பூச்சந்தை உண்டு, கோயில் உண்டு, நல்ல பிரியாணி உண்டு. கடல் கிடையாது. வாழ்க்கையில் மூன்று முறை திருச்செந்தூர் போயிருக்கிறேன். மூன்று முறையும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வேட்டி பாழாகிவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

மகேசு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பனவடலிசத்திரம் பக்கம் காற்றாலைகளில் ஒப்பந்தப் பணியாளாகச் சேர்ந்தாள். அந்த இடத்தில் ஏணி ஏறிய முதல் பெண் அவள்தான் என்று சொன்னார்கள். காலையில் ஸ்கூட்டியில் போவாள், மாலையில் கிரீஸ் வாடையோடு வருவாள். "எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டால் "காத்தா இருந்துச்சுப்பா" என்பாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வேன். சேலை எடுக்க வந்தவர்கள் சேலையை எடுப்பதா, கதையைக் கேட்பதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். அவள் ஏறுவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது பனவடலிசத்திரம் வந்துவிட்டால், காற்றாலை தெரியாத பக்கமாகத் திரும்பிக்கொள்வேன். இரண்டு பக்கமும் காற்றாலை. அதனால் ஊர் தாண்டும்வரை என் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவேன்.

ஒரு வருடம் முன்பு, பழைய சின்னக் காற்றாலைகளைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் பெரியதாக ஒன்றிரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். பெரியதுக்கு ஆள் குறைவாகப் போதும். ஒப்பந்தம் முடிகிறது, குஜராத்தில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று மேற்பார்வையாளர் மகேசைக் கேட்டார். குஜராத் என்றதும் கோமதி மூன்று நாள் ரசத்தில் உப்புப் போடவில்லை. நான் அதை எடுத்துச் சொல்லவும் இல்லை.

எங்கள் ஊர்க் காற்று

அந்தச் சமயத்தில்தான் மேலநீலிதநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கடல் காற்றாலைத் திட்டத்தைப் பற்றி விளக்க வந்த இளைஞர், "உள்ளூர் மக்களுக்குத்தான் முன்னுரிமை" என்றார்.

முன் வரிசையில் இருந்த, வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி எழுந்தார். "தம்பி, கடலு எங்களுக்கு எங்கனய்யா உள்ளூரு? பஸ்ஸேறிப் போயில்லா பாக்கணும்?"

இளைஞர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, எங்கள் கரிசல் காட்டின் மேலே ஓடித்தான் கடலுக்குப் போகிறதாம்.

"அப்போ எங்க காத்தத்தான் அங்கன போயிப் புடிக்கப் போறியளாக்கும்?" என்றார் சம்சாரி. மண்டபம் சிரித்தது. இளைஞரும் சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் அடுத்து சொன்னதில் விஷயம் இருந்தது. கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும், காற்றாலை தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குக் காற்றாலை தெரியும், கடல் தெரியாது. அதனால் கரையிலிருந்து ஒருவர், காற்றாலை ஊர்களிலிருந்து ஒருவர் என்று ஜோடி சேர்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். தேறினால் இரண்டு பேரும் சேர்ந்து தேறலாம். ஒருவர் தவறினாலும் இரண்டு பேரும் அடுத்த அணிக்குப் போக வேண்டும். அடுத்த அணி எப்போது என்று கேட்டதற்கு, அவர் அந்தப் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மகேசுக்கு அது போதுமானதாக இருந்தது. தேறினால் தூத்துக்குடி, சனிக்கிழமை பஸ்ஸேறினால் வீடு. தவறினால் குஜராத்.

ஜெனிட்டா வீட்டில் கதை வேறு. அவள் அப்பா படகுக்காரர். கடலில் கம்பம் நட்டால் வலையை எங்கே போடுவது என்று கேட்டு, மனுக் கொடுக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கேள்விக்கு இன்னும் அவருக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. ரோஸ்லின்தான் மகளை அனுப்பியிருக்கிறார். "கேக்கிறத அவுக கேக்கட்டும். அதுக்கும் மீறி நட்டானுவன்னா, அதுல ஏறுறது நம்ம பிள்ளையா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றார் என்னிடம்.

ஜெனிட்டாதான் மகேசுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவள். என் மகளின் நீச்சல் எப்படி என்று கேட்டேன். "விசைத்தறி ஓடுத மாதிரி கையக் கால அடிக்கா மாமா. ஆனா முழுக மாட்டா. தண்ணிக்கே சலிச்சுப் போயி மேல தள்ளிரும்" என்றாள்.

நான் போட்ட தையல்

இப்போது மண் விஷயம்.

எங்கள் ஊர்க் கோயிலில் சிவந்த புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவோம், மிச்சத்தை மடித்து வைத்துக்கொள்வோம். ஊரைவிட்டு யார் போனாலும் பெட்டியில் ஒரு பொட்டலம் போகும். சென்னைக் கல்லூரி விடுதிகளில், துபாய் அறைகளில், எங்கள் ஊர் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறியிருக்கிறது. என் தம்பியை ஒரு விமான நிலையத்தில் நிறுத்தி, இது என்ன பொடி என்று வெகுநேரம் விசாரித்தார்கள். அவன் நாக்கில் வைத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

மகேசு பயிற்சிக்குக் கிளம்பும்போதும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். பெட்டியில்தான் வைத்தாள். கடைசி வாரம் ஊருக்கு வந்தபோது, தண்ணீருக்குள் புரட்டப் போகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். பெட்டியில் இருக்கிற மண் தண்ணீருக்குள் எப்படிக் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வரலாறு படித்தவனுக்குத் தோன்றக்கூடாததுதான்.

மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். அவளுடைய டிராக் பேன்ட்டை எடுத்து, இடுப்புப் பட்டிக்கு உட்புறம் ஒரு துண்டு மெல்லிய மல் துணியில் மண்ணை மடித்து வைத்துத் தைத்தேன். முப்பது வருடமாகத் துணி விற்கிறேன். அதுதான் நான் போட்ட முதல் தையல். ஊசியில் நூல் கோர்க்கவே பாதி மத்தியானம் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் சிவந்த காரணம்

கண்ணைத் திறந்து பார்த்தேன். நீலத் தண்ணீரில் மகேசைச் சுற்றி, பழுப்பும் சிவப்புமாக ஒரு மேகம் பரவிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் காவலுக்கு இருந்த முக்குளிப்பவர் கையை உயர்த்தினார். விசில் அடித்தது. இரண்டு பேர் குதித்து அவளைக் கரைக்கு இழுத்தார்கள்.

அடிபட்டுவிட்டது, இரத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு நொடிதான் இன்னும் என்னை வாளி பக்கம் ஓடவைக்கிறது. பெல்ட் இடுப்பில் உரசி, என் தையல் பிரிந்து, மண் கரைந்திருக்கிறது என்று அடுத்த நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் கால் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஈரத் தரையில் வழுக்கி, உட்கார்ந்த மேனிக்கே பயிற்சியாளரின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடற்படையில் இருந்தவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"செருப்போட உள்ள வரக்கூடாது" என்றார்.

"சார், அது ரத்தம் இல்ல. மண்ணு."

"மண்ணா?"

"புத்துமண்ணு. நான்தான் தைச்சு வச்சேன்."

மகேசு தலையைக் குனிந்து தன் இடுப்புப் பட்டியைத் தடவினாள். நனைந்த மல் துணி நூலோடு கையில் வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தாள்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டில் ஏறுவதற்கு முன் ஜோடிகள் ஒருவர் உடுப்பை ஒருவர் தொட்டுத் தடவிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஜெனிட்டா சோதித்ததில் அந்தப் பொட்டலம் தப்பியிருக்கிறது. ஆகவே தவறு மகேசின் கணக்கில் மட்டும் இல்லை, அவள் கணக்கிலும்தான். "குளம் தெளியட்டும். மத்தியானம் இன்னொரு வாய்ப்பு. அதுலயும் சரியா வரலன்னா அடுத்த அணிதான்" என்றார்.

மகேசு அப்போதுதான் பேசினாள். "யப்பா, இது நம்ம கடை இல்ல. இங்கன ஒரு ஆளு தப்புப் பண்ணுனா ரெண்டு பேருக்குப் போயிரும்."

ரோஸ்லின் நேரடியாகவே கேட்டார். "ஒங்க பயத்துக்கு எம்பிள்ளையவும் சேத்து முக்கிட்டியளே அண்ணாச்சி?"

என்னிடம் இருந்த பதிலைச் சொல்ல முடியாது. கடலுக்குப் போகாமல் இவள் தவறிவிட்டால்தான் என்ன என்று, அன்று காலையில் ஒரு கணம் நினைத்திருந்தேன். மண்ணை வைத்த கையும் அதை நினைத்த மனமும் ஒரே ஆளுடையவை.

வெளியே வந்து கோமதிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள்.

"தையலு நீங்களா போட்டிய?"

"ஆமா."

"எங்கிட்டக் குடுத்திருந்தா கடல்ல கெடந்தாலும் பிரியாத மாதிரி தைச்சிருப்பேன்லா?"

மத்தியானம் தண்ணீர் மறுபடி நீலமாயிற்று. ஜெனிட்டா இந்த முறை மகேசின் காலுறையைக்கூடக் கழற்றி உதறிப் பார்த்தாள். கூடு இறங்கியது. நான் கண்ணை மூடினேன். ரோஸ்லின் என்னோடு பேசாமல்தான் இருந்தார். ஆனாலும் கொஞ்ச நேரத்தில், யாரிடமோ சொல்வது போல, "முழுகியாச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். "பொரண்டாச்சு. சன்னலு தொறந்தாச்சு. ரெண்டும் வந்தாச்சு. தண்ணி நல்லாத்தான் இருக்கு."

அடுத்த நாள், உயரத்தில்

மறுநாள் ஏற்றம். திறந்த வெளியில் ஓர் இரும்புக் கோபுரம், நடுவே ஏணி. மேலே தளத்தில் ஒரு மணி. ஜோடியாக ஏறி, இரண்டு பேரும் சேர்ந்து அடித்தால் பயிற்சி முடிந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்து கயிறுகளை விடாமல் இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா, பாக்கலயா?"

"எங்க வீட்டுக்காரரு புயல்லயும் கடலுக்குப் போயிருக்காவ. அப்பக்கூட நான் இப்படி ஆனதில்ல. உசரம்னா எனக்கு ஆவாது. ஒங்களுக்குப் பழக்கந்தான? தெனமும் ஒங்க மவ ஏறுறதப் பாத்திருப்பிய. நேத்து நான் சொன்னேம்லா? இன்னைக்கு நீங்க சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது."

முந்தைய நாள் காலையில், மண் கரைவதற்கு முன், உயரமெல்லாம் எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அவரிடம் பெருமையடித்திருந்தேன். இப்போது என் செருப்பைப் பார்த்து வர்ணனை சொல்ல முடியாது.

தலையை நிமிர்த்தினேன்.

"எம்மவ முன்னால போறா. ஒங்க மவ பின்னால. கயித்தப் பூட்டியாச்சு. ஏறுதாவ." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. மகேசு ஏறுவது நான் பயந்தது போலவே இல்லை. வீட்டுப் பரணில் ஏறிப் பாத்திரம் எடுக்கிறவள் மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக. இத்தனை வருடம் இதையா பார்க்காமல் இருந்தேன்?

"பாதி வந்தாச்சு" என்றேன். பிறகு நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி?"

பொய் சொல்லக் கூடாது. "ஒங்க மவ நின்னுட்டா."

"நின்னுட்டாளா?"

"ஏணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கா. கீழ பாத்துட்டா போல."

ரோஸ்லின் சேசுவை அழைத்தார். நான் எங்கள் ஊர் அம்மனை அழைத்தேன். காற்று இரண்டையும் ஒரே பக்கமாகக் கொண்டுபோனது. பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எம்மவ எறங்குதா" என்றேன். "நாலு படி கீழ வந்துட்டா. ஒங்க மவ கைமேல காலு படாம பக்கத்துல நிக்கா. என்னவோ சொல்லுதா."

அவள் சொன்னது என்ன என்பது அன்று மாலைதான் தெரிந்தது. "எங்கப்பா நம்மளயே பாத்துக்கிட்டு நிக்காவ. அவுக இதுவர பாத்ததே இல்ல. இப்ப நீ எறங்குனேன்னா அவுக மயங்கி விழுந்துருவாவ. தூக்கிச் சுமக்க என்னால ஆவாது, வா" என்றிருக்கிறாள். என் செருப்புப் பார்வை அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. ஒருவேளை, மேலேயிருந்து பார்த்தால் பஸ் தெரியும்.

"சிரிக்கா" என்றேன்.

"யாரு?"

"ஒங்க மவ. ஏணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டே சிரிக்கா. கைய எடுத்துட்டா. ஏறுதா. ஏறுதாம்மா!"

ரோஸ்லின் என் சட்டைக் கையைப் பிடித்தார். கடைசிப் படிகளை நான் எண்ணவில்லை. மேலே மணி அடித்தது. காற்றில் மெலிந்து, பள்ளிக்கூட மணிபோல வந்து சேர்ந்தது.

"இப்ப என்ன செய்தாவ?" ரோஸ்லின் இன்னும் திரும்பவில்லை.

"மேல நிக்காவ. ஒங்க மவ கடலப் பாத்துக் கையக் காட்டுதா."

"அவுக அப்பா படகு அந்தப் பக்கந்தான் நிக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க மவ? அவளும் கடலப் பாக்காளா?"

"இல்ல" என்றேன். "அவ கீழ பாக்கா. என் கண்ணு தொறந்திருக்கான்னு."

நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.